டிக்கெட் எடுத்து உள்ளே போன பிறகும் வரிசைக்குத் தனிக் காசா?

லைன் சூப்பர்வைசர், திருப்பூர்:

எங்கள் பனியன் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து எங்காவது போய்வருவது வழக்கம். முதலாளி பாதி போடுவார், மீதியைச் சனிக்கிழமை சம்பளத்தில் வாரம் நூறு நூறாகப் பிடித்துச் சேர்த்து வைப்போம். பவர்டேபிள், ஓவர்லாக் தையல்காரர்கள், செக்கிங், அயர்ன், பேக்கிங் ஆட்கள், குழந்தைகள் எல்லாம் சேர்த்து இந்தத் தடவை 46 பேர். தண்ணீர் விளையாட்டு இருக்கிற பெரிய பார்க்குக்குத்தான் போக வேண்டும் என்று பசங்க ஒரே பிடிவாதம். எந்தப் பார்க் என்று எழுதப் போவதில்லை. பேரைச் சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும், நான் கேட்க வந்தது எல்லாப் பார்க்குக்கும் பொதுவான கேள்வி.

பெரியவர்களுக்கு 1,300 ரூபாய் சொச்சம். மூன்று வருஷம் முன்னால் இதே மாதிரி ஓர் இடம் 900-க்குள் முடிந்தது. சரி, விலைவாசி ஏறியிருக்கிறது, நூல் விலை ஏறவில்லையா, கரண்ட் பில் ஏறவில்லையா என்று நானே எங்கள் ஆட்களுக்குச் சமாதானம் சொன்னேன். வெளிச்சாப்பாடு உள்ளே கூடாது என்றதால் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை எல்லாரும் காலை பத்து மணிக்கே வேனுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தோம். அதுவும் பரவாயில்லை.

உள்ளே போனதும் கையில் நீலப் பட்டை கட்டினார்கள். பக்கத்துக் கவுண்டரில் ஆரஞ்சுப் பட்டை. அது வரிசையில் முன்னால் விடுகிற ஃபாஸ்ட் பாஸ், டிக்கெட் விலைக்கு மேலே இன்னும் முக்கால் மடங்கு. மேலேயிருந்து படகு சறுக்கி விழுகிற ரைடில் 11.40-க்கு நின்றோம், ஏறும்போது 1.40. நான் லைனில் நின்று பீஸ் எண்ணுகிறவன், சும்மா நிற்க வராது, அதனால் எண்ணினேன். ஒரு தடவைக்கு 20 பேர் போகிறார்கள், மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஆக மணிக்கு 400 பேர். எங்களுக்கு முன்னால் சுமார் 320 பேர். அப்படியானால் 50 நிமிஷத்தில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் கயிறு பிடித்து நின்ற தம்பி ஒவ்வொரு தடவையும் ஆரஞ்சுப் பட்டைக்காரர்கள் 12 பேரை விட்டுவிட்டுத்தான் எங்களில் 8 பேரை விட்டார். மணிக்கு 160. இரண்டு மணி நேரம் ஏன் ஆனது என்று அங்கேயே புரிந்துவிட்டது.

செக்கிங்கில் இருக்கிற அக்காவின் மகன் ஏழாவது படிக்கிறான். சுடு சிமெண்ட் தரையில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டே கேட்டான், "நாமளும் டிக்கெட் எடுத்துத்தானே மாமா வந்தோம்?" அந்த அக்கா உடனே அவன் வாயை அடக்கினார், எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு மொத்தம் நாலு ரைடுதான் போக முடிந்தது.

என் கேள்வி இதுதான். விலையை ஏற்றட்டும். ஆனால் எனக்கு விற்ற ரைடின் இடத்தையே இன்னொருவருக்கு மறுபடி விற்பது சரியா?

---

கோபிக்காரி, இப்போது ஃப்ளோரிடா:

அண்ணா, நீங்கள் எண்ணியது அப்படியே சரியான கணக்கு. உலகம் முழுக்க இந்தச் சண்டை நடக்கிறது, நான் இருக்கிற ஊரில் இதைப் பற்றிப் பேசாத குடும்பமே இல்லை.

இது எங்கே தொடங்கியது என்றால், டிஸ்னி 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்று கொண்டுவந்தது. அப்போது அது முழுக்க இலவசம். ரைடு வாசலில் இருக்கிற இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால் ஒரு துண்டுச் சீட்டு வரும், அதில் இத்தனை மணிக்கும் இத்தனை மணிக்கும் நடுவில் வா என்று போட்டிருக்கும். முதலாளியும் தொழிலாளியும் ஒரே இயந்திரத்தில்தான் எடுக்க வேண்டும், சீக்கிரம் எழுந்து வருகிறவருக்குச் சலுகை, அவ்வளவுதான். 2021 அக்டோபரில் இங்கே ஃப்ளோரிடாவில் இருக்கிற வால்ட் டிஸ்னி வேர்ல்டில் அதற்குப் பதிலாக ஜீனி பிளஸ் வந்தது, ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர். அடுத்த வருஷமே நாளுக்கு நாள் விலை மாறுகிற மாதிரி ஆக்கினார்கள். 2024 ஜூலையில் பேர் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று மாறியது. முக்கியமான சில ரைடுகளுக்கு அதுவும் செல்லாது, தனித்தனியாக வாங்க வேண்டும். அதே வருஷக் கடைசியில் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம் என்று பிரீமியர் பாஸ் வந்தது, பார்க்கையும் நாளையும் பொறுத்து 129 முதல் 449 டாலர் வரை. நுழைவுச் சீட்டு தனி.

நுழைவுக் கட்டணம் ஏறியதையும் சொல்கிறேன். 1971-ல் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் முதல் பார்க்கான மேஜிக் கிங்டம் திறந்தபோது உள்ளே போக மூன்றரை டாலர், ரைடுக்குத் தனிச் சீட்டு. கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டில் இப்போது நெரிசலான நாட்களுக்கு 200 டாலருக்கு மேல். சும்மா கிடக்கிற நாளுக்கு அதில் பாதிதான், அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். இங்கே பயணத்துக்குப் பல நாள் முன்னாலேயே போனில் நேரம் குறித்துவிடலாம், டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு ஏழு நாள் முன்னால், மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்னால். என் அப்பாவும் அம்மாவும் கோபியிலிருந்து வந்திருந்தபோது முழு நாளையும் மணிக்கணக்கில் பிரித்து எழுதி வைத்திருந்தேன். அப்பா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் "நேரமாச்சு, எந்திரிங்க" என்று கிளப்பினேன். அவர் அந்த நாளில் ரசித்தது அந்த வாத்துகளைத்தான். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

---

அவினாசி ரோடு:

கேள்வி சரிதான், ஆனால் பதில் எளிது. காசு இருக்கிறவர் கொடுக்கிறார், அவருக்கு நேரம் மிச்சம். தட்கலில் போவதில்லையா? திருப்பதியில் 300 ரூபாய் தரிசனம் இல்லையா? பழனியில் படியேறுகிறவர் ஏறுகிறார், முடியாதவர் விஞ்சிலோ ரோப் காரிலோ போகிறார். எனக்கு வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது, பசங்களைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க நான் தயாராக இல்லை. ஆரஞ்சுப் பட்டை கட்டியவன்தான் நான். அதில் எனக்குக் குற்ற உணர்வு இல்லை.

---

லைன் சூப்பர்வைசர், திருப்பூர்:

உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லைங்க. பாஸ் விற்கிறார்கள், நீங்கள் வாங்குகிறீர்கள். பழனி உதாரணம் மட்டும் இதற்குப் பொருந்தாது. நீங்கள் ரோப் காரில் போனால் படியேறுகிறவரின் படி குறைந்துவிடுவதில்லை. பார்க்கில் உங்களுக்குக் கிடைத்த 12 இடமும் எங்கள் படகிலிருந்து எடுத்தது.

---

பொருளாதார ஆசிரியர், ஈரோடு:

தட்கல் உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ரயிலில் தட்கலுக்கு இத்தனை இடம் என்று முன்பே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பொது முன்பதிவில் எடுத்தவருக்கு உறுதி ஆகிவிட்டால் அவருடைய படுக்கையை யாரும் பிடுங்க முடியாது. நாளைக்குத் தட்கலில் ஆயிரம் பேர் வந்தாலும் அவர் பெட்டியில் அவர் பெர்த் இருக்கும். காத்திருப்புப் பட்டியலில் இருந்தால் எத்தனையாவது எண் என்று தெரியும், உறுதி ஆகாவிட்டால் பணம் திரும்பும். பார்க்கில் சாதாரண டிக்கெட் எடுத்தவருக்கு இது எதுவும் தெரியாது. இன்றைக்கு எத்தனை ஃபாஸ்ட் பாஸ் விற்றிருக்கிறது, ஒரு ரைடில் எத்தனை சீட் அவர்களுக்கு, மீதி எத்தனை எனக்கு, ஒன்றும் சொல்லப்படுவதில்லை. அளவைச் சொல்லாமல் விற்கிற பொருள் அது. மளிகைக் கடையில் ஒரு மூட்டை அரிசி என்று சொல்லி எடையைச் சொல்லாமல் விற்றால் வாங்குவோமா?

வால்டர் ஓய் என்ற பொருளாதார அறிஞர் 1971-ல் டிஸ்னிலாண்டை உதாரணமாக வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். வாசலில் அதிகமாக வாங்கிவிட்டு ரைடை இலவசமாக விடுவதா, வாசலில் ஒன்றும் வாங்காமல் விட்டு ஒவ்வொரு ரைடுக்கும் தனியாக வாங்குவதா, எதில் லாபம் என்பதுதான் கேள்வி. அன்றைக்கு அங்கே ஏ முதல் இ வரை எழுத்துப் போட்ட சீட்டுப் புத்தகம் இருந்தது. ஏ என்றால் சின்னப் பிள்ளைகள் போகிற மெதுவான ரைடு, இ என்றால் பெரிய ரைடு. 1982-ல் அந்தப் புத்தகத்தை எடுத்துவிட்டு, வாசலில் ஒரே டிக்கெட், உள்ளே எல்லாம் போகலாம் என்று மாற்றினார்கள். ரைடுக்கு விலை இல்லை என்று ஆனதும் கால்தான் விலை கொடுத்தது, அதாவது வரிசை நீண்டது. இப்போது அந்த ரைடு விலை ஃபாஸ்ட் பாஸ் என்ற பேரில் திரும்ப வந்துவிட்டது, ஆனால் வாசல் விலை இறங்கவில்லை. இன்றைக்கு இரண்டையும் சேர்த்து வாங்குகிறார்கள். மூர்க்கமான எதிர்ப்பு எனக்கில்லை, ஆனால் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

---

அந்தியூர் பக்கம்:

சீட்டுப் புத்தகம் என்றதும் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் தாத்தா காலத்திலிருந்து நோம்பிக் கடை, ராட்டினம் என்று ஊர் ஊராகப் போகிற குடும்பம் நாங்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்த் திருவிழாவுக்குக் குதிரை பார்க்க ஒரு கூட்டம், மாடு பார்க்க ஒரு கூட்டம் என்றால், குழந்தைகள் வருவது தூரி ஆடத்தான். எங்கள் பக்கம் ராட்டினத்தையும் தூரி என்றுதான் சொல்லுவோம். உள்ளே வரக் காசு கிடையாது. எதில் ஏறுகிறாயோ அதற்கு மட்டும் காசு. ஒரு குடும்பம் வந்தால் ஆத்தா கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பார், அவருக்கு ஒரு பைசா செலவில்லை. பெரிய பார்க்கில் ரைடு ஏறாத பாட்டிக்கும் முழு டிக்கெட்தானே.

எங்களிடமும் விலை ஏறியிருக்கிறது, மறைக்கவில்லை. திடலை ஏலம் எடுக்கிறவர் கேட்கிற தொகை, ஜெனரேட்டர் டீசல், லாரி வாடகை, ராட்டினம் பூட்டுகிற ஆட்களின் கூலி, எல்லாம் அதில் சேர்கிறது. நான் சின்னப்பையனாக இருந்தபோது ஐந்து ரூபாய் வாங்கினோம், இப்போது பெரிய ராட்டினத்துக்கு அதைப்போல் பல மடங்கு. ஆனால் வரிசை ஒன்றுதான். ஊர்ப் பெரியவர் வீட்டுக் குழந்தை வந்து நின்றாலும் அப்பா சொல்லுவார், "இந்தச் சுத்து முடியட்டும் கண்ணு." பெட்டியில் ஆள் நிரம்பினால் சங்கிலி போட்டுவிடுவோம். அதுக்கு மேலே பேச்சில்லை. யாராவது அதிகம் காசு கொடுத்து முன்னால் ஏறப் பார்த்தால், திடலில் நிற்கிற கூட்டம் சும்மா விடாது என்பதும் உண்மை.

---

பழைய ரைடு ஆபரேட்டர், உடுமலை:

நான் வெளிமாநிலங்களில் இரண்டு பார்க்குகளில் எட்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவன். இப்போது மில்லில் இருக்கிறேன். கயிறு பிடித்து நின்ற அந்தத் தம்பியின் இடத்தில் நான் நின்றிருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்தையும் எழுதுகிறேன்.

ஒரு ரைடுக்கு மணிக்கு இத்தனை பேர் என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுப்பார். நடைமுறையில் அது வருவதே இல்லை. ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்பார்கள், ஒரு சீட் காலியாகப் போகும். துப்பட்டாவை இறுக்கிக் கட்டச் சொல்ல வேண்டும், செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும், பாக்கெட்டில் போன் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், மடிமேல் பூட்டுகிற கம்பியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஒருத்தர் கடைசி நேரத்தில் பயந்து இறங்குவார். இதில் அவசரப்படவே கூடாது, அவசரப்பட்டால் உயிர். 400 என்று எழுதியிருந்தால் 300 போனால் நல்ல நாள். பார்க்கில் ஏன் இவ்வளவு நேரம் என்பதற்கு ஃபாஸ்ட் பாஸ் மட்டும் காரணமில்லை.

அப்புறம் செலவு. தண்ணீரைச் சுத்தம் செய்கிற பம்பு கூட்டம் இல்லாத நாளிலும் ஓட வேண்டும். குளத்துக்குக் குளம் உயிர்காப்பாளர் நிற்க வேண்டும். உதிரி பாகம் பல ரைடுகளுக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வரும்வரை ரைடு மூடிக் கிடக்கும். ஏப்ரல், மே, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று கொஞ்ச நாள் சம்பாதித்து, மழைக்காலத்தில் ஈயோட்டும் நாட்களைத் தள்ள வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது தீம் பார்க்குக்கு 28 சதவீதம் போட்டார்கள், 2018 ஜனவரியில்தான் 18 ஆகக் குறைந்தது. டிக்கெட்டில் அதுவும் சேர்கிறது.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். புது ரைடு வாங்கக் கோடிக்கணக்கில் வேண்டும். ஃபாஸ்ட் பாஸ் விற்க ஒரு கலர் பட்டை போதும். மேலாளருக்கு அந்த ஆசை வருவது இயற்கை. நான் வேலை பார்த்த முதல் இடத்தில் கட்டளை தெளிவாக இருந்தது: வேக வரிசையிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதே, அந்த வரிசை நீண்டால் அவர்களும் காத்திருக்கட்டும். இரண்டாவது இடத்தில் வாக்கிடாக்கியில் சொல்லுவார்கள், "அந்த லைனை முதலில் காலி பண்ணு." அப்போது சாதாரண வரிசையில் முதலில் நிற்கிறவரின் கண்ணைப் பார்த்துத்தான் நான் கயிறு போட வேண்டும். ஒரு பெரியவர் ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

விற்பது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். பங்கை எழுதி ரைடு வாசலில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் என் கட்சி.

---

அம்மா, பல்லடம்:

எல்லாரும் வேக வரிசையே கூடாது என்ற பக்கம் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஆட்டிசம். பதினொரு வயது. தண்ணீர் என்றால் உயிர். ஆனால் முன்னும் பின்னும் ஆள் நெருக்கி நிற்கிற வரிசையில் பத்து நிமிஷம் தாண்டினால் காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்துவிடுவான், பார்க்கிறவர்கள் பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்று பேசுவார்கள். எங்களுக்கு அந்த ஆரஞ்சுப் பட்டை ஆடம்பரமில்லை, அது இல்லாவிட்டால் நாங்கள் வாசலிலிருந்தே திரும்பி வர வேண்டியதுதான்.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. அடையாள அட்டை வைத்திருக்கிறோம். ஓர் இடத்தில் அட்டையைக் காட்டியதும் கேட்டில் இருந்த அம்மா அவராகவே ஒவ்வொரு ரைடுக்கும் வெளிவழியாகக் கூட்டிப்போகச் சொன்னார், இன்னோர் இடத்தில் அப்படி ஒன்றும் கிடையாது, பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆள் பார்த்துக் கிடைக்கிறது, விதியாக இல்லை.

கோபித் தங்கச்சிக்குத் தெரிந்திருக்கும், அமெரிக்காவில் இதற்கு வேறு முறை இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

---

கோபிக்காரி, இப்போது ஃப்ளோரிடா:

இருக்கிறது அக்கா. டிஸ்னியில் 2013-லிருந்து இருக்கிற முறை அது. முன்னால் போய் ஏறிக்கொள்ளுங்கள் என்று விடுவதில்லை. இப்போது வரிசை 60 நிமிஷம் என்றால், கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் கழித்து வா என்று உங்களுக்கு ஒரு நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அந்த நேரத்தைத் தம்பி நிழலில், சத்தம் இல்லாத இடத்தில் கழிக்கலாம். யாரையும் தாண்டிப் போகவில்லை, நிற்கிற இடம்தான் மாறுகிறது. இதற்குக் காசு கிடையாது. 2024-ல் யாருக்குக் கொடுப்பது என்ற விதியைக் கடுமையாக்கிவிட்டார்கள், அதில் பல குடும்பங்களுக்கு மனக்கசப்பு, அது வேறு கதை. ஆனால் யோசனை நல்ல யோசனை. பெரிய மென்பொருளெல்லாம் வேண்டாம், ரைடு வாசலில் ஒரு ஆள், ஒரு கடிகாரம், ஒரு சீட்டு போதும்.

கைக்குழந்தை இருக்கிறவர்களுக்கும் ஒன்று உண்டு. அப்பா ரைடு போகும்போது அம்மா குழந்தையோடு இருப்பார், அப்பா இறங்கியதும் அம்மா மறுபடி முழு வரிசை நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். இதையாவது நம் ஊரில் நாளைக்கே செய்யலாம்.

---

அவினாசி ரோடு:

பல்லடம் அம்மிணி எழுதியதைப் படித்தேன். நான் வாங்கியதும் அவர் வாங்கியதும் ஒன்றில்லை என்று புரிகிறது. சரி, ஒரு கேள்வி. எல்லாருக்கும் போனிலேயே நேரம் குறித்துக் கொடுத்துவிட்டால் வரிசையே இருக்காதே? தனிக்காசும் வேண்டாம். பார்க்குகள் ஏன் அதைச் செய்யவில்லை?

---

பழைய ரைடு ஆபரேட்டர், உடுமலை:

அதிலும் ஒரு சிக்கல் இருக்குதுங்க. நேரம் குறிப்பதால் படகில் ஒரு சீட்கூடக் கூடுவதில்லை. மூன்று மணிக்கு உங்கள் முறை என்று சீட்டு வாங்கிவிட்டீர்கள், அதுவரை மரத்தடியிலா உட்காருவீர்கள்? பக்கத்து ரைடின் சாதாரண வரிசையில் போய் நிற்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆக ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் இரண்டு வரிசையில் இருக்கிறார்கள், ஒன்று காலில், இன்னொன்று சீட்டில். சின்ன ரைடுகளின் வரிசை முன்னைவிட நீண்டுவிடும். மீதி ஆட்கள் சாப்பாட்டுக் கடையில் நிற்பார்கள், பார்க்குக்கு அது பிடிக்கும். தண்ணீர்ப் பார்க்கில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் போனில் நேரம் குறிப்பதும் நடக்காது, கைப்பட்டையிலேயே ஏதாவது செய்தால்தான் உண்டு.

வரிசையைக் குறைக்க இரண்டே வழி. ரைடு அதிகம் ஓட வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஆள் குறைவாக விட வேண்டும்.

---

பொருளாதார ஆசிரியர், ஈரோடு:

அந்த இரண்டாவது வழியைத்தான் நானும் சொல்ல வந்தேன். நம் கண் முன்னாலேயே உதாரணம் இருக்கிறது. ஊட்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் சீசனுக்கு உச்சவரம்பும் வந்தது, வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் அந்தத் தடை இருக்கவில்லை. ஊட்டி வியாபாரிகளுக்கு அதில் வருத்தம் உண்டு, கடையடைப்புகூட நடத்தினார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் முறையைப் பாருங்கள். கூட்டத்தை மலையடிவாரத்திலேயே எண்ணி நிறுத்தினார்கள். மேலே ஏற்றிவிட்ட பிறகு, தாவரவியல் பூங்கா வாசலில் நின்று, நீ இன்னும் ஐந்நூறு கொடுத்தால் முன்னால் போகலாம் என்று சொல்லவில்லை.

பார்க்கும் அப்படிச் செய்யலாம். இத்தனை பேர் என்றால் எல்லாரும் எட்டு ரைடாவது போகலாம் என்று அவர்களுக்கே தெரியும். அத்தோடு டிக்கெட்டை நிறுத்தலாம். அதற்காக ஞாயிற்றுக்கிழமை விலையை ஏற்றினால்கூட நான் ஏற்றுக்கொள்வேன், செவ்வாய்க்கிழமை விலையை இறக்கினால். நாளைப் பொறுத்து விலை வைப்பது அநியாயம் என்று நான் நினைக்கவில்லை. எந்த நாள் போவது என்பதை வீட்டிலிருந்தே முடிவு செய்யலாம், கையில் குழந்தையோடு வெயிலில் நிற்கும்போது முடிவு செய்ய வேண்டியதில்லை.

---

அந்தியூர் பக்கம்:

ஆசிரியரே, செவ்வாய்க்கிழமை விலையை இறக்கினால் எங்களைப் போல ஆட்கள் போகலாம். பனியன் கம்பெனி ஆட்களுக்கு ஞாயிறு மட்டும்தானே லீவு? ஷிப்ட் விட்டால் அன்றைக்குக் கூலி போச்சு. குறைந்த விலை நாள் யாருக்கு உதவும் என்பதையும் பார்க்க வேண்டும்.

---

லைன் சூப்பர்வைசர், திருப்பூர்:

இதைத்தான் நானும் எழுத வந்தேன், அந்தியூர் அண்ணன் முந்திக்கொண்டார். எங்களுக்கு ஞாயிறு தவிர வேறு நாள் என்றால் ஆர்டர் முடிந்து கண்டெய்னர் ஏறிய மறுநாள்தான். ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி, டிக்கெட்டில் மிச்சமாகிற காசைவிடக் குறைவில்லை.

இருந்தாலும் அடுத்த டூருக்காகப் போன வாரம் முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன். ஆடிப் பதினெட்டுக்கு எப்படியும் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள், லைன் ஓடாது. அதற்கு அடுத்த நாளையும் சேர்த்து லீவு விட்டால் அந்த நாளில் டூர் போகலாம், அரை நாள் கூலி கம்பெனி கொடுக்கட்டும் என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். 

அப்புறம் நான்கு பார்க்குகளுக்குப் போன் போட்டேன். உடுமலைக்காரர் சொன்னதை வைத்து எல்லாரிடமும் ஒரே கேள்விகள். ஃபாஸ்ட் பாஸ் உண்டா? உண்டென்றால் ஒரு நாளைக்கு எத்தனை விற்பீர்கள்? ஒரு ரைடில் சாதாரண வரிசைக்கு எத்தனை சீட்? மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு என்ன ஏற்பாடு? இரண்டு இடத்தில் போனை எடுத்த பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது, யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஓர் இடத்தில் "அந்த விவரமெல்லாம் சொல்ல மாட்டோம் சார்" என்று முடித்துவிட்டார்கள். நான்காவது சின்னப் பார்க். பெரிய ரைடு மூன்றோ நான்கோதான், மீதி எல்லாம் குளமும் சறுக்கும். போனை எடுத்தவர் மேலாளரே. "எங்ககிட்ட ஒரே வரிசைதானுங்க, அந்த மாதிரிக் குழந்தைங்க வந்தா முன்னாடியே சொல்லுங்க, கூட ஒரு ஆள் விடுறேன்" என்றார். வெளிச்சாப்பாடு கேட்டேன். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது, அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள்ளலாமாம்.

எங்கள் பசங்களில் பெரியவர்களுக்கு அந்தப் படகு ரைடு இல்லையே என்று குறைதான். அதையும் மறைக்கவில்லை, எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லிக் கை தூக்கச் சொன்னேன். 46-ல் 31 பேர் சின்னப் பார்க்குக்கே கை தூக்கினார்கள். 

செக்கிங் அக்காவின் மகன் வந்து, இந்தத் தடவை என்ன கலர் பட்டை மாமா என்று கேட்டான். ஒரே கலர்தான்டா என்றேன்.

பல்லடம் அக்கா, வேனில் மூன்று சீட் இருக்கிறது. நீங்களும் தம்பியும் வருவதானால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்க, மேலாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுகிறேன். புளிசாதம் நாங்கள் கட்டிக்கொள்கிறோம், தயிர்சாதத்துக்கு மட்டும் ஆள் வேண்டும்.

---

அம்மா, பல்லடம்:

வருகிறோம் அண்ணா. தயிர்சாதம் என் பொறுப்பு. அவனுக்கு ஜன்னல் பக்கத்து சீட் மட்டும் வேண்டும்.